ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குக் கட்டளை வரியில் போல்டர் கொப்பி செய்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை நகரிலும் உப்புவெளி, நிலாவெளிப் பக்கங்களிலும் ஸ்டூடியோ, டைவிங் நிலையம், ரியூசன் வகுப்பு, கடைக் கணக்கு என்று இரண்டு மூன்று கணினிகளோடு மல்லுக்கட்டுவோர் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. பெரும்பாலானவை போனில் வருபவை. அதனால் கட்டளைகளையும் போனில் வாசித்துச் சொல்வது போலவே, உச்சரிப்பின்படி எழுதியிருக்கிறோம். அடிக்கும்போது அவை ஆங்கிலச் சிறிய எழுத்துகள். பெரிய எழுத்து வேண்டிய இடங்களில் அதைச் சொல்லியிருக்கிறோம். குறிகளும் இலக்கங்களும் இடைவெளிகளும் அப்படியே. 192.168.1.20 என்று வரும் இடத்தில் உங்கள் மற்றக் கணினியின் முகவரியைப் போடுங்கள். படங்கள், காப்பு, தரவு, பதிவு, கடை என்பவை உதாரணப் பெயர்கள்; அவற்றுக்குப் பதில் உங்கள் பெயர்களைப் போடுங்கள்.

1. மவுசால இழுத்துப் போட்டாலே கொப்பி ஆகுதுதானே, பிறகென்னத்துக்கு இந்தக் கறுப்புத் திரை?

ஐம்பது படமென்றால் இழுத்துப் போடுங்கள், ஒரு குறையுமில்லை. நாற்பதாயிரம் படமுள்ள போல்டர் பாதி வழியில் நின்றால்தான் சிக்கல். எது போனது, எது போகவில்லை, கடைசியாகப் போன கோப்பு முழுதாகப் போனதா என்று மவுஸ் வழியில் அறிய முடியாது. திரும்ப இழுத்தால் ‘மேலே எழுதவா, விடவா’ என்று கேட்கும். அதற்குச் சரியான பதில் உங்களுக்கே தெரியாது.

கட்டளைக் கருவிகள் இரு பக்கத்தையும் ஒப்பிட்டு விடுபட்டதை மட்டும் அனுப்பும். என்ன செய்தோம் என்று பதிவும் எழுதி வைக்கும். ஒரு முறை சரியாக எழுதிய கட்டளையை நாளைக்கும் அப்படியே ஓட்டலாம்.

2. ஆளுக்கொரு கொமாண்ட் சொல்லுறாங்கள். எதைப் படிக்கிறது?

விண்டோஸ் என்றால் ரோபோகொப்பி. லினக்ஸ், மக் என்றால் ஆர்சிங்க் (ஆர், எஸ், வை, என், சி). இந்த இரண்டும் போதும். ரோபோகொப்பி விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸுடனேயே வருகிறது, தனியாக நிறுவத் தேவையில்லை. ஆர்சிங்க்கை அன்ட்ரூ டிரிஜெலும் போல் மக்கெராஸும் 1996 இல் வெளியிட்டார்கள். இன்றும் அதற்கு ஈடாக வேறொன்றைச் சொல்லத் தோன்றவில்லை.

விண்டோஸின் பழைய கொப்பிக் கட்டளையான எக்ஸ்கொப்பியை விட்டுவிடலாம். பாதையின் (போல்டர் பெயர்களோடு சேர்ந்த கோப்பின் முழு முகவரியின்) நீளம் 254 எழுத்தைத் தாண்டினால் ‘நினைவகம் போதாது’ என்று சம்பந்தமில்லாத பிழையைக் காட்டி நின்றுவிடும். அதை நம்பி ரம் வாங்கப் போனவர்களும் உண்டு. வலையமைப்பு வழியே கொப்பி செய்யும் எஸ்சிபி ஒரு முறை எதையாவது அனுப்பச் சுகம். ஆனால் இடையில் அறுந்தால் திரும்ப முதலிலிருந்துதான்.

3. ரெண்டு லெப்டொப்பும் ஒரே மேசையில கிடக்கு. முதல்ல என்ன செய்யோணும்?

இரண்டையும் ஒரே ரவுட்டரில் கேபிளால் இணையுங்கள். ரவுட்டர் இல்லாவிட்டால் ஒரு நெட்வேர்க் கேபிளை இரண்டுக்கும் நேரடியாகச் செருகலாம். கிகாபிட் போர்ட் இருந்தால் பழைய காலத்து ‘குரொஸ்’ கேபிள் தேவையில்லை, சாதாரணக் கேபிளே போதும். விண்டோஸில் ஒரு நிமிடம் பொறுத்தால் இரண்டும் தாமாகவே 169.254 என்று தொடங்கும் முகவரியை எடுத்துக்கொள்ளும். விண்டோஸில் ஐபிகொன்ஃபிக், லினக்ஸில் ‘ஐபி ஏ’ என்று அடித்தால் முகவரி தெரியும்.

நேரடிக் கேபிளில் விண்டோஸ் அந்த இணைப்பை ‘பொது வலையமைப்பு’ என்று எடுத்துக்கொண்டு பகிர்வை அடைத்துவிடும். அமைப்பில் ‘தனியார்’ என்று மாற்ற வேண்டும். ஹோட்டல், கெஸ்ட் ஹவுஸ் வைஃபையில் முயல்பவர்களுக்கு ஒன்று: விருந்தினர் வைஃபையில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்காதபடி தடுத்து வைத்திருப்பது வழக்கம். அங்கே ‘இருக்கிறாயா’ என்று எவ்வளவு பிங் பண்ணினாலும் பதில் வராது.

4. விண்டோஸ் ரெண்டுக்கு இடையில ஒரு போல்டரை அனுப்ப, சரியா என்ன அடிக்கிறது?

வாங்கும் கணினியில் ‘காப்பு’ என்று ஒரு போல்டரை உருவாக்கி, எழுதும் உரிமையோடு பகிருங்கள். அனுப்பும் கணினியில் இப்படி:

ரோபோகொப்பி "டி:\படங்கள்" "\\192.168.1.20\காப்பு\படங்கள்" /ஈ /ஆர்:2 /டபிள்யூ:5 /யுனிலொக்:டி:\பதிவு.டிஎக்ஸ்டி /டீ

ஈ என்பது வெறும் போல்டர்கள் உட்பட உட்போல்டர் எல்லாவற்றையும் எடுக்கும். ஆர், டபிள்யூ இரண்டையும் மறக்கவே கூடாது. அவற்றைப் போடாவிட்டால், திறக்க முடியாத ஒரு கோப்பை 30 செக்கனுக்கு ஒரு தடவையாகப் பத்து இலட்சம் தடவை முயலும். கணக்குப் பார்த்தால் ஒரே கோப்புக்கு 347 நாள். ‘ரோபோகொப்பி இறுகிப் போச்சு’ என்று வரும் அழைப்புகளில் முக்கால்வாசி இதுதான். யுனிலொக் பதிவுக் கோப்பில் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறியாகாமல் காக்கும். டீ (டி, ஈ, ஈ) அதே பதிவைத் திரையிலும் காட்டும்.

இன்னொரு பொறி: மேற்கோள் குறிக்குள் பாதையை பேக்ஸ்லாஷில் முடிக்காதீர்கள். "டி:\படங்கள்\" என்று எழுதினால் கடைசி பேக்ஸ்லாஷ் மேற்கோளையும் சேர்த்து விழுங்கி, இரண்டு பாதையும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும்.

5. பின் நம்பர் சரியாத்தான் அடிக்கிறன், பாஸ்வேர்ட் பிழையெண்டே சொல்லுது.

பின் அந்தக் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து திறப்பதற்கு மட்டும். வலையமைப்பு வழியாக வரும்போது கணக்கின் உண்மையான கடவுச்சொல் வேண்டும். கடவுச்சொல்லே வைக்காத கணக்கென்றால் இன்னும் மோசம்: வெறும் கடவுச்சொல்லோடு வெளியிலிருந்து நுழைய விண்டோஸ் விடாது. சுலபமான வழி, வாங்கும் கணினியில் கொப்பிக்கென்று தனிப் பயனர் ஒருவரைக் கடவுச்சொல்லோடு உருவாக்கி, அவருக்கு அந்தப் போல்டரில் மட்டும் எழுத உரிமை கொடுப்பது.

6. லினக்ஸ் எண்டா?

ஆர்சிங்க் -ஏவி படங்கள்/ கடை@192.168.1.20:/தரவு/படங்கள்/

‘கடை’ என்பது மற்றக் கணினியில் உள்ள பயனர் பெயர். ஏ என்ற ஒரே எழுத்து உட்போல்டர், திகதி, உரிமைகள், இணைப்புக் கோப்புகள் எல்லாவற்றையும் உள்ளபடி கொண்டுபோகும். வி போகும் கோப்புகளின் பெயரைக் காட்டும். போவதெல்லாம் எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான தொலை இணைப்பு வழி, 22 ஆம் போர்ட். முதல் தடவை அந்தக் கணினியின் ‘கைரேகை’யை (அடையாளக் கோவையை) காட்டி ‘நம்பவா’ என்று கேட்கும். முழுதாக ‘யெஸ்’ என்று அடிக்க வேண்டும், வை மட்டும் போதாது.

‘ஆர்சிங்க் கட்டளை இல்லை’ என்று பிழை வந்தால் உங்கள் கணினியை மட்டும் பார்க்காதீர்கள். ஆர்சிங்க் இரண்டு பக்கமும் நிறுவியிருக்க வேண்டும். அந்த வரி மறு பக்கத்திலிருந்தும் வரலாம்.

7. கடைசியில ஸ்லாஷ் போட்டா ஒண்டு நடக்குது, போடாட்டி வேறொண்டு. ஏன்?

ஆர்சிங்க்கில் மூலத்தின் கடைசி ஸ்லாஷ் ஒரு கேள்விக்குப் பதில்: பெட்டியோடு தூக்குவதா, பெட்டிக்குள் இருப்பதை மட்டும் கொட்டுவதா? ‘படங்கள்/’ என்றால் உள்ளே இருப்பவை மட்டும். ‘படங்கள்’ என்றால் பெட்டியோடு. ஆகவே 6 ஆம் கேள்வியின் கட்டளையில் மூலத்தின் ஸ்லாஷை விட்டுவிட்டால் அங்கே ‘படங்கள்/படங்கள்’ என்று பெட்டிக்குள் பெட்டி உருவாகும். சேருமிடத்தின் ஸ்லாஷ் ஒன்றையும் மாற்றாது; மூலத்தினது மட்டும்தான்.

ரோபோகொப்பிக்கு இந்த வேறுபாடே இல்லை. அது எப்போதும் உள்ளே இருப்பதைத்தான் கொட்டும். அதனால்தான் 4 ஆம் கேள்வியில் சேருமிடத்திலும் ‘படங்கள்’ என்று எழுதினோம். வெறுமனே ‘காப்பு’ என்று கொடுத்தால் எல்லாப் படமும் அதற்குள் சிதறிக் கிடக்கும்.

எஸ்சிபியும், லினக்ஸின் சாதாரணக் கொப்பிக் கட்டளையான சிபியும்தான் கள்ளத்தனம் செய்பவை. ‘-ஆர்’ போட்டு ஓட்டும்போது சேருமிடம் ஏற்கெனவே இல்லாவிட்டால் அந்தப் பெயரில் போல்டரை உருவாக்கும். இருந்தால் அதற்குள் இன்னொன்றைப் புகுத்தும். அதாவது ஒரே கட்டளை முதல் நாள் ஒன்றும் இரண்டாம் நாள் வேறொன்றும் செய்யும். தினம் ஓடும் வேலைக்கு இவற்றைத் தவிர்க்கச் சொல்வதற்கு இதுவே காரணம்.

8. ஸ்டார் போட்டுக் கொப்பி பண்ணினன். சில பைல் வரவே இல்லை.

லினக்ஸில் புள்ளியில் தொடங்கும் பெயர்கள் மறைந்தவை. நட்சத்திரக் குறி அவற்றைத் தொடாது. போல்டருக்குள் கோப்பு மிக அதிகமென்றால் ‘பட்டியல் நீளம்’ என்ற பிழையும் வரும். நட்சத்திரமே வேண்டாம், 7 இல் சொன்னபடி ஸ்லாஷை வையுங்கள்.

9. இங்க அழிச்சது அங்கயும் அழியோணும். ரெண்டும் அச்சொட்டா ஒண்டு போல இருக்க என்ன செய்யிறது?

ஆர்சிங்க்கில் --டிலீட், ரோபோகொப்பியில் /எம்ஐஆர். ஆனால் எம்ஐஆர் போட்டுவிட்டு மூலத்தையும் சேருமிடத்தையும் மாறி எழுதினால், வெறும் போல்டரைப் பார்த்து நிறைந்த போல்டர் துடைக்கப்படும். குப்பைத் தொட்டிக்குக்கூடப் போகாது. ஸ்லாஷ் பிழையும் இங்கேதான் கடிக்கும்: சேருமிடத்தை ஒரு படி மேலே கொடுத்துவிட்டால் அங்கே இருக்கும் மற்ற எல்லாமும் ‘மிகை’ ஆகிவிடும்.

இன்னொரு வழியாலும் அழியும், அதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. மூலம் வெளி ஹார்ட் டிஸ்க்காக இருந்து, அன்று அது செருகப்படாமல் இருந்தால், லினக்ஸில் அதன் இடத்தில் ஒரு வெறும் போல்டர் இருக்கும். ஆர்சிங்க்குக்கு அது பிழையல்ல. ‘எல்லாம் அழிக்கப்பட்டிருக்கிறது’ என்று விளங்கிக்கொண்டு அங்கேயும் அழிக்கும். --மக்ஸ்-டிலீட்=50 என்று சேர்த்தால் ஐம்பதுக்கு மேல் அழிக்காது.

அழிக்கும் கட்டளை எதையும் முதலில் ஒத்திகை பாருங்கள். ஆர்சிங்க்கில் -என், ரோபோகொப்பியில் /எல். இரண்டும் என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லும், ஒன்றையும் தொடாது. ஆர்சிங்க்கின் பட்டியலில் ‘டிலீட்டிங்’ என்ற வரிகள் எதிர்பார்த்ததை விட அதிகமென்றால் நிறுத்திப் பாதையைத் திரும்ப வாசியுங்கள். இதற்கு ஒரு நிமிடம்தான் போகும்.

10. பாதியில கரண்ட் போச்சு. திருப்பி முதல்ல இருந்தோ?

இல்லை. அதே கட்டளையை அப்படியே திரும்ப ஓட்டுங்கள். இரண்டு கருவிகளும் ஒவ்வொரு கோப்பின் அளவையும் திகதியையும் பார்த்து, ஒத்திருந்தால் தாண்டிப் போகும். ஆர்சிங்க் போய்க்கொண்டிருக்கும் கோப்பைத் தற்காலிகப் பெயரில் எழுதி, முடிந்த பிறகுதான் உண்மைப் பெயர் சூட்டும். ஆகவே அரைகுறைக் கோப்பு முழுக்கோப்பு போல வேடம் போடாது.

30 ஜீபி கலியாண வீடியோ நடுவில் நின்றால் அந்த ஒரு கோப்பு மட்டும் மீண்டும் தொடங்கும். அதைத் தவிர்க்க ஆர்சிங்க்கில் -பி (பெரிய எழுத்து), ரோபோகொப்பியில் /இசட். இசட் போட்டால் வேகம் குறையும், எனவே கேபிள் நம்பகமானதென்றால் வேண்டாம்.

யூபிஎஸ் வாங்குபவர்கள் ரவுட்டரையும் சுவிட்சையும் அதில் செருக மறந்துவிடுகிறார்கள். கணினிகள் இரண்டும் உயிரோடு இருந்து ரவுட்டர் அணைந்தாலும் கொப்பி அறும். தூரத்துக் கணினியில் எஸ்எஸ்எச்சால் நுழைந்து வேலை ஓட்டினால், முதலில் டீமக்ஸ் (டி, எம், யூ, எக்ஸ்; ‘டைம்’ என்பதன் டி) என்று அடித்து அதற்குள் ஓட்டுங்கள்; உங்கள் இணைப்பு போனாலும் அங்கே வேலை நடந்துகொண்டிருக்கும்.

11. 100 ஜீபி போக எவ்வளவு நேரம்?

100 மெகாபிட் இணைப்பில் செக்கனுக்கு 11 அல்லது 12 எம்பி (மெகாபைட்). ஏறக்குறைய இரண்டரை மணித்தியாலம். கிகாபிட்டில் 110 எம்பி வரை, கால் மணித்தியாலம். அது டிஸ்க்கும் அந்த வேகத்துக்கு ஓடினால். இரண்டு லெப்டொப்பும் வைஃபையில் என்றால் ஒவ்வொரு துண்டும் காற்றில் இரண்டு தடவை பயணிக்கிறது, வேகம் பாதியாகும். ஒன்றையாவது கேபிளில் போடுங்கள்.

கிகாபிட் ரவுட்டர் வாங்கியும் 11 எம்பிக்கு மேல் ஏறவில்லை என்பது கடற்கரைப் பக்கத்திலிருந்து அடிக்கடி வரும் முறைப்பாடு. கிகாபிட்டுக்குக் கேபிளின் எட்டுக் கம்பியும் வேலை செய்ய வேண்டும். 100 மெகாபிட்டுக்கு நான்கு போதும். உப்புக்காற்றில் பிளக்கின் ஊசிகளில் பாசி பிடித்து ஒரு கம்பி தொடர்பு விட்டால், இணைப்பு அறாது, சத்தமில்லாமல் 100 க்கு இறங்கிவிடும். லினக்ஸில் ஈத்டூல், விண்டோஸின் பவர்ஷெல்லில் கெட்-நெட்அடாப்டர் இணைப்பு வேகத்தைக் காட்டும். 100 என்று இருந்தால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

12. பெரிய வீடியோ பறக்குது. சின்னச் சின்னப் படம் ஊர்ந்துகொண்டு போகுது.

ஒவ்வொரு கோப்புக்கும் திறப்பது, பெயர் எழுதுவது, திகதி வைப்பது, மூடுவது என்று ஒரு சடங்கு உண்டு. கோப்பு சிறிதானாலும் சடங்கு சிறிதாகாது. ரோபோகொப்பியில் /எம்டி:16 (‘டைம்’ என்பதன் டி) போட்டால் பதினாறு கோப்பு சேர்ந்தாற்போல் போகும். ஆனால் ஒரு பக்கம் சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் அதன் தலை அங்குமிங்கும் அலைந்து இன்னும் மெதுவாகலாம். அங்கே 2 அல்லது 4 வைத்துப் பாருங்கள்.

லினக்ஸில் முதல் தடவை முழுதாக அனுப்பும்போது எல்லாவற்றையும் ஒரே ஓடையாகக் கட்டி அனுப்புவது வேகம்:

தார் -சிஎஃப் - படங்கள் | எஸ்எஸ்எச் கடை@192.168.1.20 'தார் -எக்ஸ்எஃப் - -சி /தரவு'

கடைசி ‘-சி’ மட்டும் பெரிய எழுத்து. இது ஒப்பிடாது, அறுந்தால் தொடராது; ஆகவே முடிந்தபின் ஆர்சிங்க்கை ஒரு முறை ஓட்டி மிச்சத்தைச் சரிசெய்யுங்கள். ஆர்சிங்க்கில் -இசட் சுருக்கி அனுப்பும் என்று கேள்விப்பட்டுப் போடுகிறார்கள். போட்டோவும் வீடியோவும் ஏற்கெனவே சுருங்கியவை. புரொசெசர் சூடாவதுதான் மிச்சம். எழுத்துக் கோப்புகளுக்கு மெதுவான இணைப்பில் பிரயோசனம் உண்டு.

13. மூதூர்க் கிளையில இருக்கிற 1 டெராபைட்டை டவுனுக்கு இன்டர்நெட் வழியா எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் கணக்கைப் பாருங்கள். விளம்பரத்தில் சொல்வது இறக்கும் வேகம். நமக்கு வேண்டியது மூதூர் பக்கத்தில் ஏற்றும் வேகம். அது 5 மெகாபிட் என்றால், இடைவிடாது ஓடினாலும் பதினெட்டரை நாள். ஹார்ட் டிஸ்க்கைப் பையில் போட்டுக் கிண்ணியாப் பாலத்தால் பஸ்ஸில் கொண்டுவந்தால் அன்றைக்கே முடிந்தது. முதல் தடவை டிஸ்க், பிறகு இரவில் ஆர்சிங்க் என்பதே எங்கள் பரிந்துரை. மாறியது மட்டும்தான் வரும்; பெரிய கோப்பின் நடுவில் ஒரு பகுதி மாறினாலும், இரு பக்கத்தையும் துண்டு துண்டாக ஒப்பிட்டு அந்தப் பகுதியை மட்டுமே அனுப்பும் வித்தைதான் ஆர்சிங்க்கின் உயிர்நாடி.

4ஜி ரவுட்டரில் இன்னொரு தடங்கல். பல வாடிக்கையாளர் ஒரே வெளிமுகவரியைப் பகிர்வதால் வெளியிலிருந்து யாரும் உள்ளே கதவு தட்ட முடியாது. போர்ட் திறந்தும் பலனில்லை. இரண்டு பக்கமும் வெளியே வந்து சந்திக்கும் டெயில்ஸ்கேல் போன்ற ஒன்றை நிறுவினால் இரண்டும் ஒரே வீட்டில் இருப்பதுபோல் ஒரு முகவரி கிடைக்கும். பகலில் ஓட்டினால் --பிடபிள்யூலிமிட்=300 சேருங்கள்; செக்கனுக்கு 300 கிலோபைட்டுக்குள் அடங்கி, கிளையில் மற்றவர்களுக்கும் இணையம் மிஞ்சும்.

14. டிஸ்க்கில இடமிருக்கு, ஒரு வீடியோ மட்டும் ஏறுதில்லை.

டிஸ்க் ஃபட்32 என்ற பழைய வடிவத்தில் இருக்கலாம்; அதில் ஒரு கோப்பு 4 ஜீபியைத் தாண்ட முடியாது. எக்ஸ்ஃபட்டாக ஃபோர்மட் செய்யுங்கள். உள்ளே இருப்பது அழியும், முதலில் வெளியே எடுங்கள்.

15. ஒண்டுமே மாத்தேல்லை, ஆனா ஒவ்வொரு முறையும் எல்லாத்தையும் திருப்பிக் கொப்பி பண்ணுது.

10 இல் சொன்னபடி கருவிகள் திகதியைப் பார்த்தே முடிவெடுக்கின்றன. ஃபட் டிஸ்க் இரண்டு செக்கனுக்கு ஒரு முறைதான் நேரத்தைக் குறிக்கும். 7 ஆவது செக்கனில் எடுத்த படம் அங்கே இரட்டை எண்ணாகிவிடும், ஒப்பீடு தவறும். ஆர்சிங்க்கில் --மொடிஃபை-விண்டோ=2, ரோபோகொப்பியில் /எஃப்எஃப்டி (‘டைம்’ என்பதன் டி) இதைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லும்.

வித்தியாசம் சரியாக ஐந்தரை மணித்தியாலமென்றால் அது வேறு வியாதி. ஃபட் உள்ளூர் நேரத்தை எழுதுகிறது, எந்த நாட்டு நேரமென்று எழுதாது. விண்டோஸ் இலங்கை நேரமாக எழுதியதை, கிரினிச் நேரத்தில் இயங்கும் லினக்ஸ் கணினி கிரினிச்சாக வாசித்தால் ஒவ்வொரு கோப்பும் ஐந்தரை மணி நகரும். லினக்ஸில் அந்த டிஸ்க்கை மவுண்ட் செய்யும்போது (போல்டராகத் தெரியும்படி இணைக்கும்போது) டைம்_ஒஃப்செட்=330 என்ற தெரிவைக் கொடுங்கள்; 330 நிமிடம். காப்புக்கென்றே வைத்த டிஸ்க்கை ஃபட்டில் வைக்காமல் விடுவது இன்னும் நல்லது.

16. தமிழில பேர் வச்ச போல்டர்கள்தான் எப்பவும் பிழைக்குது. தமிழில வைக்கக் கூடாதா?

வைக்கலாம், வையுங்கள். மூன்று இடத்தில் மட்டும் கவனம். முதலாவது நீளம். லினக்ஸில் ஒரு பெயர் 255 பைட்டுக்குள் இருக்க வேண்டும். தமிழின் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். ‘திருக்கோணேஸ்வரம்’ கண்ணுக்கு 9 எழுத்து, கொம்பு, புள்ளி எல்லாம் சேர்த்து 16 குறி, 48 பைட். ஆக லினக்ஸில் 85 குறிதான் எல்லை. விண்டோஸ் பைட்டை எண்ணாமல் குறியை எண்ணுவதால் அங்கே 255 வரை போகும். விண்டோஸில் பிரச்சினையில்லாத நீண்ட பெயர் லினக்ஸில் ‘பெயர் நீளம்’ என்று விழுவது இதனால்தான்.

இரண்டாவது, பழைய மக் டிஸ்க்குகள். எச்எஃப்எஸ் பிளஸ் வடிவத்தில் ‘கோ’ என்பதன் துணைக்குறி கொம்பும் காலுமாக இரண்டாகப் பிரித்துச் சேமிக்கப்படும். லினக்ஸில் ஒன்றாகவே இருக்கும். பார்வைக்கு ஒரே பெயர், கணினிக்கு இரண்டு. ‘கோணேசர் திருவிழா’ என்ற போல்டர் இரட்டைப் பிள்ளையாக நிற்பதும், டிலீட்டோடு ஓட்டினால் ஒன்று அழிந்து மற்றது வருவதும் இதன் விளைவு. மக்கிலிருந்து ஓட்டும்போது --ஐகொன்வ்=யூடிஎஃப்-8-மக்,யூடிஎஃப்-8 என்று சேர்த்தால் சரியாகும். மக்கோடு நெடுங்காலமாக வந்த ஆர்சிங்க் 2.6.9 பதிப்புக்கு இது தெரியாது. மூன்றாம் பதிப்பை நிறுவ வேண்டும்.

மூன்றாவது பாமினி. பாமினி என்ற பழைய எழுத்துரு முறையில் பெயரிட்ட கோப்பு வெறும் ஆங்கில எழுத்துக் கோவையாகவே டிஸ்க்கில் இருக்கிறது. கொப்பி செய்வதால் அது யுனிகோட் ஆகாது, கெடவும் செய்யாது. தொல்லை என்னவென்றால் பாமினியில் மெய்யெழுத்துப் புள்ளி அரைப்புள்ளிக் குறியாகப் பதிவாகிறது. லினக்ஸ் கட்டளை வரியில் அரைப்புள்ளி என்றால் ‘கட்டளை முடிந்தது’. அந்தப் பெயரை ஒற்றை மேற்கோளுக்குள் வைக்காவிட்டால் பாதிப் பெயர் ஒரு கட்டளையாகவும் மீதி இன்னொரு கட்டளையாகவும் ஓடும்.

17. லினக்ஸில இருந்து விண்டோஸுக்குப் போகேக்க சில பைல் மட்டும் நிக்குது.

முக்காற்புள்ளி, கேள்விக்குறி, நட்சத்திரம், மேற்கோள் உள்ள பெயரை விண்டோஸ் ஏற்காது. நேரத்தோடு பெயரிட்ட ஸ்கிரீன்ஷொட்டுகள் வழக்கமான குற்றவாளிகள். பெரிய, சிறிய எழுத்தில் மட்டும் வேறுபடும் இரண்டு பெயரும் அங்கே ஒன்றாகி, ஒன்று மற்றதை மேலெழுதும். அனுப்புமுன் பெயரை மாற்றுவதே வழி.

18. எல்லாம் வந்துட்டுதெண்டு எப்பிடி நம்புறது? ரெண்டு பக்கமும் சைஸ் வேற வேற காட்டுது.

டிஸ்க்கில் எடுக்கும் இடத்தை ஒப்பிடாதீர்கள். ஒவ்வொரு டிஸ்க் வடிவமும் கோப்பை வேறு அளவுத் துண்டுகளில் அடுக்கும். 1 கேபி கோப்பு ஒரு இடத்தில் 4 கேபியும் இன்னோரிடத்தில் 128 கேபியும் பிடிக்கலாம். போதாததற்கு ஒரு கருவி 1000 ஆல் வகுக்கும், இன்னொன்று 1024 ஆல். கோப்புகளின் எண்ணிக்கையையும் பைட் கணக்கிலான கூட்டுத்தொகையையும் பாருங்கள்.

நிச்சயம் வேண்டுமென்றால் உள்ளடக்கத்தையே ஒப்பிட வேண்டும். ஆர்சிங்க் -ஏஎன்சிஐ என்று, அதே மூலமும் சேருமிடமும் கொடுத்து ஓட்டுங்கள்: சி ஒவ்வொரு கோப்பையும் இரு பக்கமும் முழுதாக வாசித்துக் கணக்கிடும், என் எதையும் மாற்ற விடாது, ஐ வேறுபாட்டைச் சொல்லும். கோப்புப் பெயர் ஒன்றும் வராவிட்டால் எல்லாம் ஒன்றே. ரோபோகொப்பியில் இப்படியொன்று இல்லை. முக்கியமான கோப்புகளைப் பவர்ஷெல்லின் கெட்-ஃபைல்ஹாஷ் கொண்டு இரு பக்கமும் பாருங்கள்.

ரோபோகொப்பி ‘1’ என்ற எண்ணோடு முடிந்தது பிழையல்ல. சில கோப்புகள் வெற்றிகரமாகப் போயின என்று பொருள். 0 என்றால் அனுப்ப ஒன்றுமில்லை. 8 உம் அதற்கு மேலும் வந்தால்தான் பதிவைத் திறக்க வேண்டும். மூலத்தை அழிப்பது இவ்வளவும் பார்த்த பிறகு.

19. கணக்கு சொப்ட்வெயார் திறந்தபடி இருக்கேக்க கொப்பி பண்ணலாமா?

கூடாது. தரவுத்தளக் கோப்பின் முன்பாதி ஐந்து மணிக்கு வாசிக்கப்பட்டு, பின்பாதி ஐந்து மணி இரண்டு நிமிடத்துக்கு வாசிக்கப்பட்டால், இடையில் போட்ட பில் ஒன்று பாதி இருந்து பாதி இல்லாத கொப்பி கிடைக்கும். அளவு சரியாக இருக்கும், திறக்கும்போதுதான் தெரியும். மென்பொருளை மூடுங்கள், அல்லது அதற்குள்ளேயே உள்ள காப்பு வசதியால் ஒரு கோப்பை எடுத்து அதை அனுப்புங்கள்.

20. போனில கிடக்கிற போட்டோவையும் ரோபோகொப்பியால இழுக்கேலுமா?

ஏலாது. கேபிளில் செருகிய போன் விண்டோஸில் தெரிந்தாலும் அதற்கு டி, ஈ போல டிரைவ் எழுத்து கிடையாது. அண்ட்ரொய்டில் யூஎஸ்பி டிபக்கிங்கைத் திறந்து, கணினியில் ஏடிபி புல் -ஏ /எஸ்டிகார்ட்/டிசிஐஎம் என்று ஓட்டுங்கள் (ஏடிபி என்பது அண்ட்ரொய்டுக்கான கட்டளைக் கருவி). அந்த ‘-ஏ’ இல்லாவிட்டால் எல்லாப் படத்துக்கும் இன்றைய திகதி விழும். டிசிஐஎம் நான்கும் பெரிய எழுத்து.

21. ஒவ்வொரு ராத்திரியும் தானா நடக்கோணும்.

லினக்ஸில் எஸ்எஸ்எச்-கீஜென் -டி ஈடி25519 (முதலாவது ‘டைம்’ என்பதன் டி, இரண்டாவது ‘டிஸ்க்’ என்பதன் டி) என்று ஒரு சாவி உருவாக்கி, எஸ்எஸ்எச்-கொப்பி-ஐடி கொண்டு மற்றக் கணினியில் பதிந்துவிட்டால் கடவுச்சொல் கேட்காது. பிறகு, குறித்த நேரத்தில் கட்டளையை ஓட்டும் குரொனில் நேரத்தைப் போடலாம். விண்டோஸில் டாஸ்க் ஷெடியூலர். இரவில் கணினி தூங்கப் போகாதபடி மின் அமைப்பையும் மாற்றுங்கள்.

ஆள் பார்க்காமல் ஓடும் கட்டளையில் டிலீட் இருந்தால் 9 இல் சொன்ன செருகாத டிஸ்க் கதை நினைவிருக்கட்டும். மூல டிஸ்க்கில் அடையாளத்துக்கு ஒரு சின்னக் கோப்பை வைத்து, அது கண்ணில் பட்டால் மட்டும் ஆர்சிங்க்கைத் தொடங்கும்படி எழுதுங்கள். ஆர்சிங்க் 24 என்று முடிந்தால் ஓடும் நேரத்தில் யாரோ ஒரு கோப்பை அழித்திருக்கிறார்கள், பெரிதல்ல. 23 என்றால் சில கோப்பு போகவில்லை. காலையில் பதிவைப் பாருங்கள்.

22. நான் கடையில கொஞ்சம் மாத்தினன், தம்பி வீட்டில கொஞ்சம் மாத்திட்டான். ரெண்டையும் சேர்க்கிறது எப்பிடி?

ஆர்சிங்க்கும் ரோபோகொப்பியும் ஒரு வழிப் பாதைகள். ஆர்சிங்க்கில் -யு போட்டு இரு திசையிலும் ஒவ்வொரு முறை ஓட்டினால் ‘புதியது நிற்கும்’. ஆனால் ஒரே கோப்பை இருவரும் மாற்றியிருந்தால் முந்தி மாற்றியவரின் வேலை சத்தமின்றிப் போய்விடும். ‘புதியது’ எது என்பதும் கடிகாரத்தை நம்பியது. மதர்போர்ட் பற்றரி செத்து, பல வருடம் பின்னால் நிற்கும் கணினியில் இன்றைக்குச் செய்த மாற்றமும் பழையதாகவே எடுபடும். அழித்த கோப்புகளும் மறு பக்கத்திலிருந்து உயிர்த்தெழுந்து வரும்.

இதற்கென்று உள்ளது யூனிசன். போன தடவை இரு பக்கமும் எப்படி இருந்தன என்று அது குறித்து வைத்திருப்பதால், எந்தப் பக்கம் மாறியது, எது அழிக்கப்பட்டது என்று பிரித்தறியும். இரண்டும் மாறியிருந்தால் தானாக முடிவெடுக்காமல் கேட்கும். இரண்டு கணினியிலும் ஒரே பதிப்பை நிறுவுங்கள், 2.52 க்கு முந்திய பதிப்புகள் பெரும்பாலும் வேறு பதிப்போடு பேச மறுக்கும்.